பெண்ணையாற்றின் பிரெஞ்சுக் கடைமடை

ஓசூரில் குடியிருப்பவர்களில் பலர் கேள்விப்படாத சேதி ஒன்று உண்டு. ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற தென்பெண்ணை, கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் தட்சிண பினாகினி என்ற பெயரோடு பிறந்து, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணைகளில் தேங்கி வழிந்து, கடைசியில் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கும் பங்கு கொடுத்துவிட்டுத்தான் கடலூர் அருகே அது முடிகிறது. நாலு மொழி பேசுகிற எல்லை ஊரில் இருப்பவனுக்கு, அதே ஆற்றின் மறு நுனியில் ஒரு பிரெஞ்சு ஊர் இருந்தது என்றால் சும்மா இருக்க முடியுமா? பங்குனி வெயிலில் கிளம்பிவிட்டேன்.

ஆற்றைப் பார்க்கப் போகிறவன் ஆற்றிலிருந்துதானே தொடங்க வேண்டும். கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன். கோடையிலும் அங்கே தண்ணீர் ஓடும். கீழே திருக்கோவிலூரில் மணல் தகிக்கும் மாதங்களில்கூட இங்கே ஈரம் வற்றாததற்கு மழை காரணமல்ல. பெங்களூரின் குளியலறைகளும் சமையலறைகளும் கழித்துவிடுகிற நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றில்தான் சேருகிறது. அதோடு ஆலைக் கழிவும் கலக்கிறது. மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழும்பிப் பாலத்தின் மேலேயே வந்து உட்காரும். தொலைக்காட்சிக்காரர்கள் ஆண்டுதோறும் வந்து படம் பிடிப்பார்கள். நான் போன அன்று நுரை குறைவு, நாற்றம் அதிகம். இந்தத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் சுற்றுவட்டாரத்தில் ரோஜாவும் கொத்தமல்லியும் விளைகின்றன. ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு விமானம் ஏறிப் போகிறது என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஓசூரின் மொழிக் கணக்கை வெளியூர்க்காரருக்கு விளக்குவது சிரமம். என் தெருவில் பால் ஊற்றுகிற அம்மாள் மாட்டோடு தெலுங்கிலும், பணம் கேட்கும்போது தமிழிலும், அத்திப்பள்ளியில் கட்டிக்கொடுத்த மகளோடு செல்பேசியில் பாதிக் கன்னடத்திலும் பேசுவார். பஜாரில் உருது. சிப்காட் வாசலில் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்குகிற பிள்ளைகளிடம் இந்தி, ஒடியா. 1956இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது, தெலுங்கும் கன்னடமும் தெருவெங்கும் கேட்ட இந்த வட்டாரம் சென்னை மாநிலத்திலேயே தங்கிவிட்டது. எழுபதுகளில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் அடுத்தடுத்து வர, தமிழ் பேசுகிறவர்கள் தெற்கிலிருந்து குடியேறினார்கள். 2019இல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வீட்டுக்குள் பேசுகிற மொழி மட்டும் நகரவில்லை. 2024இல் கிருஷ்ணகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன கோபிநாத், உறுதிமொழி எடுத்துக்கொண்டது தெலுங்கில். தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் டீயைக் கீழே வைக்கவில்லை.

இங்கே தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரு பத்திரம் எழுத வேண்டும், பட்டா வாங்க வேண்டும் என்கிற தேவை யாருக்கும் வருவதில்லை. தாலாட்டுக்கும் சண்டைக்கும் அந்த மொழிகள். தாலுகா ஆபீசுக்குத் தமிழ். பாகூரில் இது எப்படித் தலைகீழாக இருந்திருக்கும் என்பதுதான் எனக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி. பிரெஞ்சு ஆண்ட ஊரில் பிரெஞ்சு எங்கே இருந்தது? வாயிலா, காகிதத்திலா?

பேருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியில் ஆற்றுக்கு அந்தண்டை தொரப்பள்ளி. ராஜாஜி 1878இல் பிறந்த ஊர். அந்த வீடு இப்போது நினைவு இல்லம். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான நெருக்கடி முற்றிய 1952 முதல் 1954 வரையான காலத்தில் சென்னை மாநிலத்துக்கு முதலமைச்சராக இருந்தவர் அவர். ஆற்றின் தலைமாட்டில் பிறந்தவர் ஆட்சியில் இருந்த நாளில்தான் அதன் கால்மாட்டில் சுங்கக் கெடுபிடியும் கொடிப் போராட்டமும் நடந்துகொண்டிருந்தன.

கிருஷ்ணகிரியில் பிரெஞ்சு வாடை வீசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் வீசாமல் இருக்க முடியாது. மலைமேல் தெரிகிற கோட்டையும், ராயக்கோட்டையும் ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் உரியவையாக இருந்தவை. அவர்கள் படையில் பிரெஞ்சுத் தளபதிகளும் சிப்பாய்களும் இருந்தார்கள். 1782இல் திப்புவின் ஆட்களும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்துதான் கடலூரைப் பிடித்தார்கள். அதாவது இந்த ஆற்றின் முகத்துவாரத்தை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தப் பாராமகால் வட்டாரம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பீரங்கிக் கதை அதோடு இங்கே முடிந்தது.

பாதிரிகளின் கதை முடியவில்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றி எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்கக் கிராமங்கள் இருக்கின்றன. நெடுங்காலம் இவை புதுச்சேரி மறைமாவட்டத்தின் நிழலில் இருந்தவை. பாரிஸ் வேதபோதக சபையின் குருக்கள் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் இங்கெல்லாம் வந்து போனார்கள். 1930இல் சேலம் தனி மறைமாவட்டம் ஆனபோது முதல் ஆயராக வந்த ஹென்றி ப்ருனியேயும் அந்தச் சபைக்காரரே. இவர்கள் ஊருக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. தாங்கள் தமிழ் கற்றுக்கொண்டார்கள். பிரசங்கம் கேட்க வேண்டியவர் குடியானவர் என்றால் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டியவர் பாதிரிதானே.

தருமபுரிச் சாலையில் ஒரு விலகல் எடுத்துக் காவேரிப்பட்டணம் போனேன். பெயரில் காவேரி இருந்தாலும் ஊர் இருப்பது பெண்ணைக் கரையில். நிப்பட்டுக்காகத்தான் போனேன் என்பதை மறைப்பானேன். கன்னட நாட்டுப் பண்டம். அரிசி மாவும் வேர்க்கடலையும் சேர்த்துத் தட்டிப் பொரித்தது. இந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ச் சரக்கு என்றுதான் சொல்வார்கள், சண்டைக்கு வந்தாலும் விடமாட்டார்கள்.

பிறகு 77ஆம் எண் நெடுஞ்சாலை. இதற்குப் பழைய எண் 66. கிருஷ்ணகிரியையும் புதுச்சேரியையும் இணைத்த சாலை அது. ஆற்றை விட்டு விலகி ஊத்தங்கரை, செங்கம் என்று போகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கடலோரத்தில் பெய்ய வேண்டிய மழை மாந்தோப்புக்குள் பெய்தது. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலையில் பேருந்து மாறித் திருக்கோவிலூர்ப் பாலத்தைக் கடக்கும்போது, கபிலர் குன்று மணலுக்கு நடுவே வறண்டு நின்றது. நாலு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் கரை தெரியாமல் தண்ணீர் போனது என்று பக்கத்து இருக்கைக்காரர் கையை விரித்துக் காட்டினார். விழுப்புரம் பக்கம் 2021 நவம்பர் வெள்ளத்தில் எல்லிஸ்சத்திரம் அணைக்கட்டே உடைந்தது. பெண்ணை இப்படித்தான். பத்து மாதம் மணல், பத்து நாள் பிரளயம். நடுத்தரமாக ஓடத் தெரியாத ஆறு.

விழுப்புரத்திலிருந்து மடுகரை வழியாகப் போகிற சாலையில்தான் அந்த வேடிக்கை தொடங்குகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. வயல் ஒன்றுதான், வரப்பு ஒன்றுதான். எல்லை மட்டும் கிழிந்த துணியை ஒட்டுப்போட்டதுபோல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நவாபுகளின் வாரிசுச் சண்டையில் 1749ஐ ஒட்டி சந்தா சாகிப் பக்கம் நின்றதற்குக் கைம்மாறாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. கிராமம் கிராமமாகக் கொடுத்ததால் இடையில் மற்றவர் கிராமங்கள் அப்படியே நின்றன. அந்த வரைபடத்தை 1954க்குப் பிறகும் யாரும் திருத்தவில்லை. எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை மதுக்கடைப் பலகையும் பெட்ரோல் விலையும் வண்டி எண்ணும் சொல்லிவிடும். டிஎன் 70 பார்த்துப் பழகிய கண்ணுக்கு பிஒய் 01 புதிது. ஓசூரில் எல்லை என்றால் ஜூஜூவாடிச் சாவடியில் மைல் கணக்கில் லாரி வரிசை. இங்கே மாடு மேய்ந்துகொண்டே எல்லை தாண்டுகிறது.

பாகூரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ‘பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பலகை. பக்கத்தில் கரும்புச்சாறு வண்டி, செல்பேசி ரீசார்ஜ் கடை, பூவரச மரம். புதுச்சேரிக் கடற்கரைத் தெருக்களில் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இங்கே கிடையாது. இது நெல் விளைகிற ஊர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று அரசு அறிக்கைகளில் எழுதுவார்கள். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில் பெரிய ஏரி பாகூர் ஏரி. அறுவடை முடிந்த வயலில் தாளடித் தட்டைகள் கிடந்தன; ஏரிக்குள் நீர் பாதிக்கு மேல்.

மூலநாதர் கோயிலுக்குப் போனால் நம்மூர்த் தொடர்பு கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். கிடைத்தது. 949இல் தக்கோலத்தில் சோழரை வென்ற இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை நம் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்கின்றன. அவன் ஆட்சிக் கல்வெட்டுகள் இந்தக் கோயிலில் இருக்கின்றன. கன்னட நாட்டிலிருந்து வந்த அரசன், கல்லில் தமிழ். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இந்த ஊரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. வடமொழி சொல்லிக்கொடுத்த பள்ளி அது. ஆக இந்த ஊருக்கு ஆட்சிமொழிகள் வருவதும் போவதும் புதிதல்ல. பிரெஞ்சு கடைசியாக வந்தது, அவ்வளவுதான். 1752இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலப் படை, கெர்ழான் தலைமையிலான பிரெஞ்சுப் படையை இந்த ஊர் அருகேதான் தோற்கடித்தது. அதற்கு அடையாளமாக எதையாவது பார்க்கலாம் என்று இரண்டு மூன்று பேரைக் கேட்டேன். “சண்டையா? யாருக்கும் யாருக்கும்?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியைக் கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையை மறித்து, பங்காரு வாய்க்கால் வழியாகக் கொண்டுவருகிறார்கள். பங்காரு என்பவள் ஒரு தாசி, தன் சொத்தையெல்லாம் போட்டு வாய்க்கால் வெட்டினாள் என்று கதை. பங்காரு தெலுங்குப் பெயர் என்பதைக் கேட்டதும் ஓசூர்க்காரன் காது நிமிரத்தான் செய்யும். அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில். வாய்க்கால் முடிவது புதுச்சேரியில். அதனால் 1910இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் இந்த வாய்க்காலுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. மேலே எங்கள் பக்கத்தில் 1892இல் மைசூருக்கும் சென்னைக்கும் இடையே ஆற்று நீர் ஒப்பந்தம் ஒன்று உண்டு. கிளை நதியான மார்க்கண்டேயாவில் யார்கோல் அணையைக் கர்நாடகம் கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனபோது பழைய காகிதங்கள் எல்லாம் மறுபடி தூசி தட்டப்பட்டன. ஒரே ஆறு, தலையில் மகாராஜா, வாலில் பாரிஸ், நடுவில் லண்டன். எந்த ஒப்பந்தமும் ஆற்றங்கரையில் இருப்பவர் வாசிக்கக்கூடிய மொழியில் பேசப்பட்டதல்ல.

பிரெஞ்சு எங்கே இருந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். நீரில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் ஏரிப் பாசனத்தைக் கவனிக்க விவசாயிகள் சங்கம் இருந்தது. பெயர் ‘சிந்திக்கா அக்ரிகோல்’. மதகு யார் திறப்பது, தூர் யார் வாருவது, வரி யார் தருவது எல்லாம் அதன் பொறுப்பு. பழைய குடிமராமத்துக்குப் பிரெஞ்சுச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி. இந்தியாவோடு இணைந்த பிறகு இந்தச் சங்கங்கள் மங்கின. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் புதுச்சேரி ஏரிகளைச் சீரமைத்தபோது ஏரிச் சங்கங்களாக மறுபடி உயிர்ப்பித்தார்கள்.

வாக்குச் சீட்டில் இருந்தது. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியது. ஓசூரில் ஓட்டு என்றால் என்ன என்று தெரியாத காலத்தில் இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் பாரிசுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். மெச்சுவதற்கு முன் மீதியையும் கேட்க வேண்டும்: தேர்வானவர்களில் சிலர் இந்த மண்ணைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, தேர்தல் அன்று அடியாட்களே பெரும்பாலான வேலையைக் கவனித்துக்கொண்டார்கள்.

பதிவேட்டில் இருந்தது. பிறப்பும் திருமணமும் இறப்பும் கொம்யூன் அலுவலகத்தில் பிரெஞ்சில் எழுதப்பட்டன. 1881இல் வந்த ஆணை, தங்கள் சாதி வழக்கத்தையும் சொந்தச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்களுக்கு வழி திறந்தது. அப்படி ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் அதில் அதிகம் இருந்ததில் வியப்பில்லை. பழைய சட்டம் அவர்களுக்கு எதைக் கொடுத்தது, துறப்பதற்குத் தயங்க? அவர்களின் பிள்ளைகள் சைகோனில் போலீசாகவும் சுங்க அதிகாரிகளாகவும் ராணுவத்தில் ‘சொல்தா’வாகவும் போனார்கள்.

பேச்சில் அது அநேகமாக இல்லை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாகப் பக்கத்திலேயே இருந்து அவர் மூச்சுவிடுவதைக்கூடக் கவனித்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். துபாஷின் வீட்டிலேயே அப்படி என்றால் பாகூர்க் களத்துமேட்டில் கேட்கவா வேண்டும்? 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்றது. எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள்.

ஏரிக்கரை டீக்கடையில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு பேசுவீர்களா ஐயா என்று கேட்டேன்.

“போன்ழூர் சொல்லுவேன். கையெழுத்துப் போடுவேன். அதுக்கு மேல எங்கப்பாருக்கே தெரியாது தம்பி. அவரு சொல்தா. அவரு போனப்புறம் அம்மாவுக்குப் பென்சன் வந்துது. வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு ஒரு காயிதம் அனுப்பணும். அதை எழுதிக் குடுக்கத்தான் டவுன்ல ஆள வச்சிருந்தோம்.”

அவருடைய தங்கை பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் பொரிந்து தள்ளுகிறார்களாம். விடுமுறைக்கு வந்தால் இவரோடு பேச அவர்களுக்குத் தமிழ் போதவில்லை. ஊரில் நாலைந்து வீட்டுக்காரர்கள் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பதிவு கிடைத்தால் குடியுரிமைக்கு வழி உண்டா என்று பார்க்கலாம். இப்படிப் பார்த்தால் இந்த மொழியின் இலக்கணம் முழுக்க நாலே காகிதத்தில் அடங்குகிறது: பிறந்த சான்று, ராணுவச் சான்று, பென்சன் புத்தகம், உயிர்ச் சான்று. மோலியேர் இல்லை, பூதலேர் இல்லை. இதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட மொழி.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஐடிஐ ஃபிட்டர் முடித்தவன். மாமன் மகன் பிரான்சில் இருக்கிறான், இவனிடம் அந்தக் காகிதம் இல்லை.

“ஓசூர்னா சொன்னீங்க அண்ணே? அங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?”

எடுக்கிறார்கள் என்றேன். காண்ட்ராக்டில்தான் முதலில் எடுப்பார்கள், சம்பளத்தில் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும், ஆறு பேர் தங்குகிற அறைக்கு வாடகை எவ்வளவு என்பதையும் சொன்னேன்.

“பாஷை பிரச்சனை இருக்குமாண்ணே? அங்க தெலுங்கா, கன்னடமா?”

தெருவில் இரண்டும் உண்டு, இண்டர்வியூ தமிழில்தான் நடக்கும், லைனில் பக்கத்தில் நிற்பவன் ஜார்க்கண்டாகவோ ஒடிசாவாகவோ இருப்பான், அதனால் கொஞ்சம் இந்தி தெரிந்தால் நல்லது என்றேன். அவன் செல்பேசியை எடுத்து என் எண்ணைக் கேட்டான். பிறகு, ஃபிட்டர் சான்றிதழில் புதுச்சேரி முத்திரை இருந்தால் தமிழ்நாட்டுக் கம்பெனியில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டான்.